நானைக் கூப்பிட்டாங்க

ஒரு சின்னக் கேள்வி. "ஹெச்ஓடி நானைக் கூப்பிட்டார்" என்று உங்க கிளாஸ்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? "என் கேன்டீன் போறேன், நீ வர்றியா?" என்று யாராவது உங்களைக் கூப்பிட்டிருக்காங்களா?

சிரிப்பு வருதுல்ல? அந்தச் சிரிப்பை அப்படியே பிடிச்சு வெச்சுக்குங்க. "நானை" தப்பு, "என்னை" சரி என்று உங்களுக்கு யாரும் போர்டுல எழுதிப் போட்டுச் சொல்லித் தரல. எந்த இலக்கணப் புத்தகத்தையும் திறக்காமலே காது சொல்லிடுது. "ஹீ கால்டு ஐ" என்று ஒருத்தர் சொன்னா, இங்கிலீஷைத் தாய்மொழியாப் பேசறவங்க காதுல விழறது இதே "நானை"தான். "மீ வென்ட் டு த கேன்டீன்" என்றால் இதே "என் போறேன்"தான்.

ஐ - மீ. ஹீ - ஹிம். ஷீ - ஹெர். வீ - அஸ். தே - தெம். ஹூ - ஹூம். மொத்தமே ஆறு ஜோடி. செயலைச் செய்யறவருக்கு முதல் வடிவம், அந்தச் செயலை வாங்கிக்கிறவருக்கு ரெண்டாவது வடிவம். எழுவாய், செயப்படுபொருள் என்று ஸ்கூல் தமிழ் வகுப்புலயே படிச்ச அதே விஷயம். 'யூ', 'இட்' ரெண்டும் எங்க உக்காந்தாலும் மாறாது, அதனால அதுங்களை இப்போதைக்கு விட்டுடலாம்.

ஆறு ஜோடிக்கு ஒரு கட்டுரையா என்று நினைப்பீங்க. இந்த ஆறு ஜோடியால ஒருத்தன் வாயை மூடிக்கிட்டதை நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். அதனாலதான் எழுதறேன்.

அவன் அவிநாசியிலருந்து என்கூட பஸ்ல வர்றவன். அவிநாசிக்கு வடக்கால ஒரு கிராமம். பன்னண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். 2021ல வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல சீட் எடுத்து வந்தவன். விசைத்தறியில பாவு நூல் அறுந்தா உடனே தறியை நிறுத்தற மாதிரி ஒரு சென்சார் செட்டப், அதுதான் அவனோட ப்ராஜெக்ட். வீட்டுலயே தறி ஓடறதால, நூல் அறுந்தது தெரியாம ஓடினா எத்தனை மீட்டர் துணி வீணாப்போகும்னு அவனுக்கு அனுபவத்துலயே தெரியும். எங்க பேட்ச்லயே உருப்படியான ப்ராஜெக்ட் அதுதான் என்பது என் கருத்து.

ஒரு மாக் இன்டர்வியூ நடந்துச்சு. ப்ராஜெக்ட்டைப் பத்திச் சொல்லுன்னாங்க. "மை ஃப்ரெண்ட் அண்ட் மீ டிசைன்டு இட்" என்று ஆரம்பிச்சான். பின்வரிசையில ஒரு சிரிப்பு. நடத்தினவர் நிறுத்தி, "மீ டிசைன்டா?" என்று திருப்பிக் கேட்டார். சிரிப்பு பெருசாச்சு. அதுக்கப்புறம் அவன் பேசினது நாலு வாக்கியம். சென்சாரைப் பத்தி ஒரு வார்த்தை வரல.

சாயங்காலம் பஸ்ல என்கிட்ட சொன்னான்: "இனிமே ரிவ்யூல நீயே பேசிக்க மாப்ளே. நான் ஹார்டுவேர் மட்டும் பாத்துக்கறேன்."

பஸ் கருமத்தம்பட்டி தாண்டறதுக்குள்ள நான் அவன்கிட்ட கேட்டது இந்தக் கட்டுரையோட முதல் கேள்வியைத்தான். அவனும் உங்களை மாதிரியே சிரிச்சான். மீதியை அன்னைக்கு ரெண்டு பேரும் பேசிப் பேசிக் கண்டுபிடிச்சோம். அதைத்தான் இங்க வரிசையா எழுதறேன்.

முதல்ல, தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் என்ன வித்தியாசம்? இதுக்கு எங்க ஊர் முதலையைக் கூப்பிடறேன். அவிநாசிக் கோயில் கதை உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். சுந்தரர் அவிநாசிக்கு வந்தப்ப ஒரு வீட்டுல பூணூல் கல்யாணம், எதிர் வீட்டுல அழுகை. என்னன்னு கேட்டா, ஒரே வயசுப் பசங்க ரெண்டு பேரு குளிக்கப் போனதுல ஒருத்தனை முதலை விழுங்கிடுச்சு. இருந்திருந்தா இவனுக்கும் இந்நேரம் பூணூல் போட்டிருப்பாங்கன்னு பெத்தவங்க அழறாங்க. சுந்தரர் பதிகம் பாடினார், முதலை பையனைத் திருப்பிக் குடுத்துச்சு என்பது கதை.

இப்ப இலக்கணத்துக்கு வாங்க. "முதலை பையனை விழுங்குச்சு." "பையனை முதலை விழுங்குச்சு." "விழுங்குச்சு முதலை, பையனை." எப்படிப் புரட்டிப் போட்டாலும் உள்ள போறது பையன்தான். காரணம், அவன் முதுகுல 'ஐ' என்ற உருபு ஒட்டியிருக்கு. இங்கிலீஷ்ல "த குரோக்கடைல் ஸ்வாலோடு த பாய்" என்பதுல முதலையையும் பையனையும் இடம் மாத்திப் பாருங்க. பையன் முதலையை விழுங்கிடறான். சுந்தரர் முதலையை மீட்கறதுக்குப் பதிகம் பாட வேண்டி வந்திருக்கும்.

நம்ம பாஷையில சொல்லணும்னா, இங்கிலீஷ் சி லாங்குவேஜ் மாதிரி. ஃபங்ஷனைக் கூப்பிடறப்ப எந்த ஆர்கியூமென்ட் எந்த இடத்துல நிக்குதுங்கறதுதான் கணக்கு. தமிழ் பைத்தான்ல கீவேர்ட் ஆர்கியூமென்ட் குடுக்கற மாதிரி. ஒவ்வொண்ணும் தன் பேரைத் தானே சுமந்துக்கிட்டுப் போகுது, வரிசை மாறினாலும் கவலையில்ல.

இதுல ஒரு விஷயம் சுவாரஸ்யமானது. இங்கிலீஷும் ஒரு காலத்துல தமிழ் மாதிரிதான் இருந்துச்சு. 1066ல நார்மன்கள் வர்றதுக்கு முந்தின பழைய இங்கிலீஷ்ல எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் வேற்றுமை விகுதிகள் உண்டு. அடுத்து வந்த சில நூற்றாண்டுகள்ல அதெல்லாம் உதிர்ந்துபோச்சு. யார் யாரை என்ன பண்ணினாங்கன்னு சொல்ற வேலையை வார்த்தை நிக்கற இடம் எடுத்துக்கிச்சு. மிச்சம் நின்னது நம்ம ஆறு ஜோடிதான். பழைய சிஸ்டத்துலருந்து யாரும் தொடாம விட்டுவெச்ச லெகஸி கோட்.

அதனாலதான் வெள்ளைக்காரங்களே இதுல தடுமாறறாங்க. இடமே அர்த்தத்தைச் சொல்லிடறதால 'மீ', 'ஹிம்' எல்லாம் அவங்க மொழியில பாதி உபரி. 'ஹூம்' பேச்சுல கிட்டத்தட்ட காணாமலே போயிடுச்சு. "மீ டிசைன்டு இட்" என்று அவன் சொன்னப்ப கூட, யார் டிசைன் பண்ணினாங்கன்னு அந்த ரூம்ல ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. சிரிச்சவங்களுக்கும் தெளிவாப் புரிஞ்சுது.

ஆனா தமிழ்ல இது உபரி இல்ல, உயிர். எல்லாப் பெயருக்கும் உண்டு. இதை முறையா எழுதிவெச்ச நன்னூலாரும் நம்ம பக்கத்துக்காரர்தான். அவிநாசியிலருந்து ஈரோட்டுப் பக்கமா பைபாஸ்ல போனா செங்கப்பள்ளி, விஜயமங்கலம், அப்புறம் பெருந்துறை. பெருந்துறைக்குப் பக்கத்துல இருக்கற சீனாபுரம்தான் பவணந்தி முனிவரோட ஊர்னு கொங்குல சொல்வாங்க. சுமார் 800 வருஷத்துக்கு முந்தி, சீயகங்கன் கேட்டுக்கிட்டதால அவர் நன்னூலை எழுதினார். வேற்றுமை எட்டு, அதுல முதல் வேற்றுமைக்கு உருபே கிடையாது, ரெண்டாவதுக்கு 'ஐ', நாலாவதுக்கு 'கு' என்று வரிசைப்படுத்தினதோட விடல. உருபு வந்து சேர்றப்ப 'யான்' என்பது 'என்' ஆகும், 'நீ' என்பது 'நின்' ஆகும் என்றும் சொல்லிவெச்சிருக்கார். 'ஐ' என்பது 'மீ' ஆகற அதே கதை. பேரே உருமாறுது.

(இதுல ஒரு குழப்பம் மட்டும் சிரிச்சுக்கிட்டே தாண்டிடணும். தமிழ்ல 'ஐ' ஒட்டினா செயப்படுபொருள். இங்கிலீஷ்ல 'ஐ' வந்தா எழுவாய். ஒரே ஒலி, எதிரெதிர் வேலை.)

ஆக, பஸ்ல நாங்க போட்ட முதல் விதி இதுதான்: தமிழ்ல மனசுக்குள்ள சொல்லிப் பாரு. 'நான்' வந்தா 'ஐ'. 'என்' வந்தா 'மீ'.

என்னைக் கூப்பிடு: கால் மீ. என்கிட்ட கேளு: ஆஸ்க் மீ. என்கூட வா: கம் வித் மீ. எனக்காக: ஃபார் மீ. என்னைப் பத்தி: அபவுட் மீ. பாத்தீங்களா, வித், ஃபார், டு, அபவுட், ஃப்ரம், பிட்வீன் பின்னாடி எப்பவும் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம்தான் வரணும்னு இங்கிலீஷ் புத்தகத்துல தனி விதியாப் போட்டிருப்பாங்க. தமிழ்க்காரனுக்கு அது தனி விதியே இல்ல. "நான்கிட்ட", "நான்கூட வா" என்று எந்தக் காலத்துலயும் நாம சொன்னதில்ல. நம்ம ஊர் "என்ற வீடு", "உன்ற பைக்" மாதிரி சொந்தம் கொண்டாடற 'என்' மட்டும் 'மை'. யாரையும் கேக்காமலே அது உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் ஏன் தப்பு வருது? மூணு நாலு இடத்துல குழி இருக்கு. அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டாப் போதும்.

முதல் குழி 'அண்ட்'. தனியாச் சொல்றப்ப யாரும் "மீ டிசைன்டு" என்று சொல்றதில்ல. கூட ஒரு ஆள் சேர்ந்ததும் காது அடைச்சுக்குது. வழி சுலபம்: அந்த ஆளைக் கொஞ்ச நேரம் வாக்கியத்தை விட்டு வெளிய நிக்கச் சொல்லுங்க. "மை ஃப்ரெண்ட் அண்ட் மீ டிசைன்டு இட்" என்பதுல ஃப்ரெண்டை வெளிய அனுப்பினா "மீ டிசைன்டு இட்". உடனே தெரிஞ்சுடும், 'ஐ' வரணும். "சார் கால்டு மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ" என்பதுல அனுப்பினா "சார் கால்டு ஐ". நானைக் கூப்பிட்டார்! 'மீ' வரணும். தமிழ்ல இந்தக் குழி கிடையாது. "அவனையும் என்னையும்" என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா உருபு போட்டுடறோம்.

இதுக்கு ஒரு எதிர்க் குழியும் இருக்கு. சின்ன வயசுலருந்து "மீ இல்ல, ஐ சொல்லு" என்று திட்டு வாங்கினவங்க, 'மீ'யைக் கண்டாலே ஓடி எல்லா இடத்துலயும் 'ஐ' போட்டுடறாங்க. "பிட்வீன் யூ அண்ட் ஐ." உனக்கும் எனக்கும் நடுவுல, அப்ப 'மீ'தான். அன்னைக்குச் சிரிச்சவங்கள்ல ஒருத்தர் அடுத்த வாரமே ஒரு செமினார்ல "பிட்வீன் ஹிம் அண்ட் ஐ" என்றார். யாரும் சிரிக்கல. உச்சரிப்பு ஸ்டைலா இருந்துச்சு, அவ்வளவுதான்.

ரெண்டாவது குழி 'எனக்கு'. இது நாம மேல போட்ட விதியை உடைக்கற இடம். எனக்குப் பசிக்குது. எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்கும். எனக்குக் காய்ச்சல். தமிழ்ல இதெல்லாம் நமக்கு வந்து சேர்ற விஷயங்கள், நாம செய்யற விஷயங்கள் இல்ல. பசி எனக்கு வருது, நான் பசியைச் செய்யல. இங்கிலீஷ்ல இது எல்லாத்துக்கும் 'ஐ'தான்: ஐ ஆம் ஹங்ரி, ஐ நோ, ஐ லைக், ஐ ஹேவ் ஃபீவர். "மீ ஆல்சோ டோன்ட் நோ" எங்கருந்து வருதுன்னு இப்பத் தெரியுதா? "எனக்கும் தெரியாது" என்பதுலருந்து. அது முட்டாள்தனத்துல வர்ற தப்பு இல்ல, தமிழ் மூளை ஒழுங்கா வேலை செய்யறதால வர்ற தப்பு.

இங்கிலீஷுக்கும் இந்த வழக்கம் இருந்துச்சு என்பதுதான் வேடிக்கை. ஷேக்ஸ்பியர் நாடகங்கள்ல 'மீதிங்க்ஸ்' என்று ஒரு சொல் வரும். 'எனக்குத் தோணுது' என்று அர்த்தம். அதுல இருக்கற 'மீ' அப்படியே நம்ம 'எனக்கு'. 'லைக்' என்ற வினையும் பழைய இங்கிலீஷ்ல, பொருள் ஒருத்தருக்குப் பிடிக்கறதைத்தான் சொல்லுச்சு, நம்ம 'பிடிக்கும்' மாதிரியே. பின்னாடி அவங்க மாறிட்டாங்க, நாம மாறல.

மூணாவது குழி பிளேஸ்மென்ட் சீசன்ல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பூக்கும்: "ஐ செலக்டட்." இதுக்கு அர்த்தம் "நான் தேர்ந்தெடுத்தேன்". கம்பெனி உங்களைத் தேர்ந்தெடுக்கல, நீங்க யாரையோ தேர்ந்தெடுத்திருக்கீங்க. தமிழ்ல "என்னை செலக்ட் பண்ணிட்டாங்க" என்போம். யார் பண்ணினாங்கன்னு எழுவாயைச் சொல்லவே மாட்டோம், வினையோட வால்ல இருக்கற '-ஆங்க' போதும். இங்கிலீஷ்ல எழுவாய் நாற்காலி காலியா இருக்கக் கூடாது. ஒண்ணு, "தே செலக்டட் மீ" என்று அவங்களை உக்கார வைக்கணும். இல்ல, "ஐ வாஸ் செலக்டட்" என்று நீங்க போய் உக்காரணும். நாற்காலி மாறினா உடுப்பும் மாறணும், 'மீ'யைக் கழட்டிட்டு 'ஐ'யைப் போட்டுக்கணும். செயப்பாட்டு வினை என்று பயமுறுத்தற விஷயம் மொத்தமே இவ்வளவுதான்.

நாலாவது குழி நம்ம கொங்கு மரியாதை. வாங்க, போங்க, சொல்லுங்க என்று வளந்த வாய்க்கு, ஹெச்ஓடியை 'ஹீ' என்று சொல்றது 'அவன்' என்று சொல்ற மாதிரி உறுத்தும். அதனால "சார் டோல்டு, ஐ ஆஸ்க்டு சார், சார் கேவ்" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார்' போட்டுச் சமாளிப்போம். அம்மாவைப் பத்திச் சொல்றப்ப 'அவங்க' மனசுல இருக்கறதால 'தே' வந்து விழும். 'ஹீ' என்பது 'அவனு'ம் இல்ல, 'அவரு'ம் இல்ல. மரியாதை, மரியாதைக் குறைவு ரெண்டுமே அதுல கிடையாது. பிரின்சிபாலையும் ஹீ, ஹிம் என்று தயங்காம சொல்லலாம். அம்மா ஷீ, ஹெர்தான்.

அர்த்தமே தலைகீழாகற ஒரு இடமும் சொல்லிடறேன், உங்கள்ல சிலருக்கு உபயோகப்படும். "ஷீ லைக்ஸ் யூ மோர் தேன் மீ" என்றால், அவளுக்கு என்னைவிட உன்னைத்தான் அதிகமாப் பிடிக்கும். "ஷீ லைக்ஸ் யூ மோர் தேன் ஐ டூ" என்றால், எனக்கு உன்னைப் பிடிக்கறதைவிட அவளுக்கு உன்னை அதிகமாப் பிடிக்கும். முதல்ல சொன்னவன் சோகத்துல இருக்கான். ரெண்டாவதாச் சொன்னவன் சண்டைக்கு வந்திருக்கான். பதில் சொல்றதுக்கு முந்தி எதுன்னு பாத்துக்குங்க.

கடைசியா ஒண்ணு. 'யூ' மாறாது, விட்டுடலாம்னு ஆரம்பத்துல சொன்னேன். அதுக்கும் ஒரு கதை இருக்கு. முன்னாடி அதுவும் ஜோடியாத்தான் இருந்துச்சு. 'யீ' எழுவாய், 'யூ' செயப்படுபொருள். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல இந்த வித்தியாசத்தைப் பிரிச்சே எழுதியிருப்பாங்க. ஆனா பேச்சுல ஜனங்க 'யூ'வையே ரெண்டு இடத்துலயும் போட ஆரம்பிச்சுட்டாங்க. தமிழ்ல "உங்களை வாங்க" என்று சொல்ற மாதிரியான ஒரு தப்பு அது. அந்தத் தப்புதான் ஜெயிச்சுது. இன்னைக்கு மிகச் சரியான இங்கிலீஷ் பேசறவங்களும் ஒவ்வொரு வாக்கியத்துலயும் அந்தப் பழைய தப்பைத்தான் பேசறாங்க.

அதனால இலக்கணம் வேண்டாம்னு சொல்றேனா? இல்லவே இல்ல. இன்டர்வியூல பத்து நிமிஷம் குடுப்பாங்க. எதிர்ல உக்காந்திருக்கறவருக்கு உங்க தறியும் தெரியாது, நீங்க ராத்திரி முழுக்க சால்டரிங் பண்ணினதும் தெரியாது. காதுல விழற வாக்கியத்தை வெச்சுத்தான் எடை போடுவார். அது நியாயமான்னு அந்த ரூமுக்குள்ள விவாதம் பண்ண முடியாது. ஆறு ஜோடி, நாலு குழி, ஒரு வாரம் பழகினா போதும். அதைக் கத்துக்கிட்டுத்தான் உள்ள போகணும்.

ஆனா திருத்தறது வேற, சிரிக்கறது வேற. திருத்தறவர் வாக்கியம் முடியற வரைக்கும் காத்திருப்பார். சொல்ல வந்ததைக் கேட்டுட்டு, வெளிய வந்ததும் தோள்ல கை போட்டுச் சொல்வார். சிரிக்கறவர் நடுவுலயே நிறுத்திடுவார், சென்சாரைப் பத்தி அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும். ரெண்டு மொழியில யோசிக்கற ஒருத்தன் ஒரு மொழியில வழுக்கினதுக்கு, ஒரு மொழியிலயே ஒழுங்காப் பேசாதவங்க சிரிக்கறதுல என்ன நியாயம்?

அடுத்த ரிவ்யூல அவன்தான் பேசினான். "மை ஃப்ரெண்ட் அண்ட்..." என்று வந்து ஒரு செகண்ட் நின்னான். அப்புறம் "வீ டிசைன்டு இட்" என்று தாண்டிப் போயிட்டான். நான் யோசிக்காத குறுக்கு வழி. ரெண்டு பேரா இருந்தா 'வீ', வாங்கிக்கிற இடத்துல 'அஸ்', வேலை முடிஞ்சுது. பன்னண்டு நிமிஷம் பேசினான். கேள்வி கேட்டவங்க நூலோட இழுவிசையைப் பத்தித்தான் கேட்டாங்க.

உங்க செல்ஃப் இன்ட்ரோ எங்கயாவது டைப் பண்ணி வெச்சிருப்பீங்கல்ல? இன்னைக்கு அதைத் திறந்து, 'அண்ட்' வர்ற இடத்துல எல்லாம் கூட நிக்கற ஆளை வெளிய அனுப்பிட்டு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. எங்கயாவது "நானைக் கூப்பிட்டாங்க" கேட்டா, மாத்திடுங்க. அப்படியே பக்கத்து பெஞ்சுல யாராவது ரொம்ப நாளா வாயைத் திறக்காம இருந்தா, அவங்க ப்ராஜெக்ட் என்னன்னு கேளுங்க. தமிழ்லயே கேளுங்க.